நாலாம் குழாய்

அத்தான் செத்தால் எப்படி அழுவது என்பது எனக்குப் பல வருடக் கவலை. அக்காவின் கணவர் ஆயிற்றே, நாலு பேர் பார்க்க ஒரு சொட்டாவது விட்டாக வேண்டும். எவ்வளவு யோசித்தாலும் சிரிப்புதான் வந்தது. அப்படியிருக்கும்போது ஒரு மதியம் அவருடைய ரத்தம், நான் தலைமை பார்க்கும் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்துக்குத் தானாக வந்து சேர்ந்தது. இரண்டாம் மாடி வார்டு. உடம்பில் தெம்பில்லை, கண்ணில் மஞ்சள், சிறுநீர் பால் சேர்க்காத காப்பி நிறம்.

அத்தான் பேராசிரியர். கறுப்புத் திராட்சைத் தோலில் இருக்கும் சத்து ரத்தச் சிவப்பணுக்களைக் காப்பாற்றும் என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவர். உயிர் வாழ நாம் இழுக்கும் ஆக்ஸிஜன், இரும்பில் துரு ஏற்றுகிற மாதிரி செல்லையும் மெல்ல அரிக்கும். காய் கனிகளில் இருக்கும் சில பொருள்கள் அந்த அரிப்பைத் தடுக்கும். இதில் பொய் ஒன்றும் இல்லை. நானும் அதை நம்பித்தான் அவருடைய ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். சொந்த அத்தான், கை தூக்கி விடுவார் என்று வீட்டிலும் சொன்னார்கள்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை காலையில் அங்கே வேலை செய்யும் எல்லோரும், அத்தான் உட்பட, கையை நீட்டி ரத்தம் கொடுக்க வேண்டும். குழாயில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யாருடையது என்பது அத்தானுக்கு மட்டுமே தெரியும். சிவப்பணுக்களை உப்புநீரில் கழுவி, திராட்சைத் தோல் சாற்றில் ஊறவைத்து, பிறகு அதே அரிப்பை வேகமாக உண்டாக்கும் பெராக்ஸைடு ஊற்றி வதைப்பது என் வேலை. குழாயைச் சுழற்றினால் செல்கள் அடியில் படியும். மேலே நிற்கும் நீர் தெளிந்திருந்தால் செல்கள் பிழைத்துவிட்டன. சிவந்திருந்தால் உடைந்து கொட்டிவிட்டன.

எல்லாக் குழாயும் தெளிந்து நிற்கும். நாலாம் குழாய் மட்டும் சிவந்து நிற்கும். சாறு ஊற்றினாலும் சிவப்பு, ஊற்றாவிட்டால் இன்னும் சிவப்பு. வாராவாரம் இதே கதை.

"இந்த ஆளோட செல்லுல ஏதோ குறை இருக்கு அத்தான். யாருன்னு சொல்லுங்க, தனியா பாத்துடலாம்" என்றேன்.

"குறை செல்லுல இல்லை, உன் கையில. போட்டு இந்தக் குலுக்குக் குலுக்கினா எந்த செல்லு தாங்கும்?" என்றார், எல்லோர் முன்னாலும்.

நாலாம் குழாயைக் கட்டுரையிலிருந்து எடுத்தார். கொஞ்ச நாளில் என்னையும் ஆய்வகத்திலிருந்து எடுத்தார். பட்டம் பாதியில் நின்றது. கைவேலை சுத்தமில்லாதவள் என்று பேராசிரியரே சொன்ன பிறகு வேறு எந்த ஆய்வகம் கதவைத் திறக்கும்? அதோடாவது விட்டாரா என்றால், இல்லை. எனக்குக் 'கைராசி' என்று பேர் வைத்தார். நல்ல டாக்டருக்கு ஜனங்கள் பிரியமாகச் சொல்கிற வார்த்தை, என் விஷயத்தில் கேலியானது. வீட்டில் நாலு பேர் கூடினால் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், எனக்கு மட்டும் பிளாஸ்டிக். "கைராசி கையில கண்ணாடியைக் குடுத்துடாதீங்கப்பா" என்பார், கூட்டமே சிரிக்கும். அக்கா மகள் பேச ஆரம்பித்ததிலிருந்து எனக்குக் 'கைராசி சித்தி' என்றுதான் பேர். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறு எரியப் படுத்துக்கொள்வேன்.

அவருடைய ரத்தத்தை ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய செல்கள் கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி ஓரம் போய்க் கிடந்தன. மீதியைச் சுழற்றி எடுத்தேன். மேலே நின்ற நீர் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு எனக்கு நன்றாகப் பழக்கமானது.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "அத்தான் புதுசா ஏதாவது சாப்பிட்டாரா?"

"அதை ஏன் கேக்குறே. பட்டையா பெருசா ஒரு பச்சை அவரைக்கொட்டை வருமே, அதுல திராட்சையை விட சத்து ஜாஸ்தியாம். அடுத்த ஆராய்ச்சியே அதுதானாம். இதுவரைக்கும் வாயில வச்சதே இல்லை, இப்ப கிண்ணம் கிண்ணமா தின்னுட்டிருக்காரு."

சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பணுவில் ஒரு நொதி குறைவாக இருக்கும். அரிப்பிலிருந்து செல்லை உள்ளிருந்து காக்கிற நொதி அது. அடுத்தவர்களுக்குச் சத்தாகிற அந்த அவரை, இவர்களுடைய ரத்தத்தை உடைத்துவிடும். வார்டு டாக்டருக்கும் அந்தச் சந்தேகம் வந்து நொதிப் பரிசோதனை கேட்டிருந்தார். இயந்திரம் 'நார்மல்' என்று சொல்லி முடிவை மேலே அனுப்பிவிட்டது. நோய் முற்றிய நேரத்தில் எடுத்தால் இந்தப் பரிசோதனை ஏமாற்றும். நொதி தீர்ந்துபோன கிழட்டுச் செல்களெல்லாம் உடைந்தாகிவிட்டன. மிச்சம் இருப்பவை புதிதாய்ப் பிறந்த இளசுகள், அவற்றில் நொதி ஓரளவு இருக்கும்.

ஃபோன் அடித்தது. வார்டு டாக்டர்தான். "மேடம், நொதி நார்மல்தானே? வைட்டமின் சி பெரிய டோஸா ட்ரிப் ஏத்தச் சொல்லி சார் பிடிவாதமா இருக்காரு. நான் அவர்கிட்ட படிச்சவன், தட்ட முடியலை."

சாப்பாட்டில் வரும்வரை அந்த வைட்டமின் காவலாள். நரம்பு வழியாக அந்த அளவு ஏற்றினால் அதுவே பெராக்ஸைடை உண்டாக்கும். நான் அன்று குழாயில் ஊற்றியதை அவர் இன்று தன் உடம்புக்குள் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

நான் 'ஆமாம்' என்றால் போதும். ரிப்போர்ட் நார்மல். யாரும் என்னைப் பார்த்து ஒரு விரல் நீட்ட முடியாது. ஃபோனைக் காதில் வைத்தபடியே அந்த நினைப்பை வெல்லக்கட்டி மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இந்த ஆள் போய்விட்டால் நாலாம் குழாய் யாருடையது என்பதும் கூடவே போய்விடும். சாகிறவரை நான் கைராசியாகவே இருக்க வேண்டியதுதான்.

"நான் மேலே வர்றேன். அதுவரைக்கும் ஏத்தாதீங்க" என்றேன்.

வார்டில் ட்ரிப் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி கையில் குத்தியாகிவிட்டது. திருகைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அக்கா கால்மாட்டில், அக்கா மகள் ஜன்னலோரம், டாக்டரும் நர்ஸும் தலைமாட்டில். மேசை மேல் அவர் தினமும் திராட்சைச் சாறு குடிக்கிற கண்ணாடி டம்ளர், வீட்டிலிருந்து கூடவே வந்திருந்தது.

"வாம்மா கைராசி" என்றார் அத்தான். முகம் வெளுத்துக் கிடந்தாலும் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. "பாத்து நில்லு, ட்ரிப்பைத் தட்டி விட்டுடாதே." அக்கா மகள் பழக்கதோஷத்தில் சிரித்தாள்.

நான் டாக்டரிடம் பரிசோதனை ஏமாற்றுகிற விதத்தைச் சொன்னேன். அவர் குழம்பிப்போய் நின்றார். "ஆனா ரிப்போர்ட் உங்க லேப்ல இருந்துதானே வந்துச்சு மேடம்?"

"அதைத்தான் தம்பி நானும் சொல்றேன்" என்றார் அத்தான். "இவ கை பட்டா எது ஒழுங்கா வந்திருக்கு? எனக்குத் தெரியாத ரத்தமா? நீங்க ஏத்துங்க."

நர்ஸின் கை திருகுக்குப் போனது.

"ஒரே ஒரு கேள்வி அத்தான்" என்றேன். "நாலாம் குழாய் யாரோடது?"

"எந்தக் குழாய்?"

"என்னைத் துரத்தின குழாய்."

"அந்தப் பழைய கதை இப்ப எதுக்கு?"

"உங்க செல்லும் அதே மாதிரி உடைஞ்சிருக்கு, இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். நாலாவது உங்களோடதுன்னா, குறை உங்க பிறவியில இருக்கு. இந்த ட்ரிப் ஏறினா நீங்க பிழைக்கிறது கஷ்டம். உங்களோடது இல்லைன்னா, என் கைதான் தப்பு. தாராளமா ஏத்திக்கலாம்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "யோசிச்சே சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ட்ரிப்பைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது. அந்த வேர்வையைப் பார்க்கிற சுகத்துக்காகவே இத்தனை வருடம் நான் ஆரோக்கியமாக இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் அக்கா.

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலை" என்றேன்.

"நாலாம் நம்பர் நான்தான்."

நர்ஸ் கையை எடுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சேவா என் மேல பழி போட்டீங்க?"

"தினம் திராட்சைச் சாறு குடிக்கிறவன் நான். என் ரத்தம் உடையும்னு எப்படி நம்புவேன்? உன் கைதான்னு நெனச்சேன்" என்றார், சுவரைப் பார்த்து. தன் ரத்தத்தின் மேல் அவருக்கு இருந்த கர்வத்துக்கு என் படிப்பும் பேரும் பலியாகியிருக்கின்றன.

டாக்டர் ட்ரிப்பைக் கழற்றச் சொன்னார். ரத்தம் ஏற்ற வேண்டும், பொருத்தம் பார்க்கப் புதிதாக ரத்தம் வேண்டும் என்றார். "கையை நீட்டுங்க அத்தான்" என்றேன். நீட்டினார். ஒரே குத்து, நரம்பு கிடைத்தது, அவருக்கு வலிக்கக்கூட இல்லை. குழாயில் அவர் பெயரை நானே எழுதினேன். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'நாலு' என்றும் எழுதி, அவர் படித்து முடிக்கும்வரை கண்ணெதிரே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எனக்குத் தண்ணீர் ஊற்றித் தரச் சொன்னாள். மகள் பிளாஸ்டிக் டம்ளரை எடுத்தாள். அக்கா அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கண்ணாடி டம்ளரைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. "குடிம்மா. மனசுல எதையும் வச்சுக்காதே."

நல்ல தாகம். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பிறகு டம்ளரை அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில், அவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி நீட்டிப் பிடித்து, விரல்களை விரித்தேன்.

தரையெல்லாம் சில்லு. அத்தானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னைப் பார்த்தார்.

"இதுதான் என் கை உடைச்சது" என்றேன்.