அறுபது தட்டு

சூரியன் எழுமுன்பே சாத்தூர்ப் பட்டாசுக் கம்பெனியின் மருந்தறையில் நான்கு பெண்கள் குனிந்திருந்தார்கள். குழாயில் மருந்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மாரிசெல்வியின் நகக்கண்கள் வெடித்திருந்தன. முழங்கைவரை வெள்ளித் தூள். இருமினால் சளியும் அதே நிறம்.

தீபாவளிச் சீசன். முதலாளி வாசலில் நின்று கத்தினார்.

"ஆனைக்குட்டத்துலயும் என் கம்பெனிதான். அங்கன நாலு பேரு அறுபது தட்டு நெரப்புறாளுக. நீங்க நாப்பது. சாத்தூர்த் தண்ணியில சோம்பேறித்தனம் கலந்திருக்கோ?"

"அவுகளுக்கும் ரெண்டு கைதான மொதலாளி?" என்றாள் மாரிசெல்வி.

"மிச்ச மருந்தத் தண்ணியில கொட்டி அழிக்க மாட்டாளுக. மறுநா அதையே போடுறாளுக. நீங்களும் அப்படிச் செய்யலேன்னா இங்கன பூட்டிட்டு லோடையெல்லாம் அங்கன தள்ளிருவேன்."

ஈரங்கோத்த பழைய கலவை தானாகவே சூடேறும் என்பது அந்த அறையே அறிந்தது. அன்றும் மாரிசெல்வி மிச்சத்தைத் தொட்டித் தண்ணீரில் கொட்டினாள்.

மறுநாள் காலை ஆனைக்குட்டத்து மருந்தறை ஒன்று வெடித்தது. அவள் தங்கை பாண்டிச்செல்வி அங்கேதான் வேலை பார்த்தாள். உடனிருந்த மூவரைச் சாக்கில் பொறுக்கினார்கள். ஆஸ்பத்திரியில் வாழைச்சருகாய்ச் சுருண்டு கிடந்த தங்கையைக் குரலால்தான் மாரிசெல்வி அடையாளம் கண்டாள்.

"அக்கா... நீங்க எப்படிக்கா அறுபது தட்டு போட்டீக?"

"யாரு சொன்னா?"

"மொதலாளிதான். சாத்தூர்ல மிச்சத்த வச்சு அறுபது போடுறாக, நீங்க நாப்பதத் தாண்டலேன்னாரு. முந்தாநேத்து வரைக்கும் கொட்டிட்டோம்க்கா. நேத்துதான் மொத மொதலா எடுத்து வச்சோம்..."

பொழுது சாயுமுன் அந்த மூச்சு நின்றது.

மூன்றாம் நாள் விடியலில் சாத்தூர்ப் பெண்கள் வேலைக்கு இறங்காமல் கம்பெனி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். முதலாளி ஒரு வேன் நிறைய ஆனைக்குட்டத்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

"வேல செய்ய ஆளா இல்ல? ஒதுங்குங்கடி!"

வேனிலிருந்து இறங்கிய பொன்னுத்தங்கம், வெடித்த அறைக்கு அடுத்த அறைக்காரி, காறித் துப்பினாள். "அறுபது தட்டுக்காரிக நீங்கதானா? ஒங்களால நாலு உசுரு போச்சே!"

மாரிசெல்வி அசையவில்லை. "ஒரு வண்டிக்காரன் வலத்து மாட்டுக் காதுல 'இடத்தவன் நல்லா இழுக்கான்'னானாம். இடத்து மாட்டுக் காதுலயும் அதையேதான் சொன்னானாம். ரெண்டும் நுரை தள்ளி இழுத்துச்சு. வண்டி அவன் வீட்டுக்குத்தான் போச்சு. செத்தவுகள்ல ஒருத்தி என் தங்கச்சிதான். நாங்க ஒரு நாளும் அறுபது போட்டதில்ல."

முதலாளியின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. உதடு கிழிந்து ரத்தம் தெறித்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையைப் பொன்னுத்தங்கம் எட்டிப் பிடித்தாள். வெள்ளித் தூள் ஊறிய அவள் விரல்கள் இறுக, அவர் மணிக்கட்டு மடங்கிற்று.

"பூட்டிருவேன்! ரெண்டையும் பூட்டிருவேன்!"

"பூட்டுங்க. இனி யாரக் காட்டி யார மெரட்டுவீக?"

பொன்னுத்தங்கம் அவர் கையை உதறிவிட்டாள். முறையிடச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு நடந்தால் உச்சிப்பொழுதாகிவிடும். இரண்டு ஊர்ப் பெண்களும் சாலையேறினார்கள். எதிரே போலீஸ் ஜீப் வருவது தெரிந்தும் எவரும் நடையைக் குறைக்கவில்லை.

முந்தானையால் மாரிசெல்வியின் உதட்டைத் துடைத்துவிட்டபடி பொன்னுத்தங்கம் கேட்டாள்: "நெசமா எம்புட்டுத் தட்டுக்கா?"

"நாப்பது."

"நாங்களும் அம்புட்டுத்தான்."