லேபிள் கிழித்த டப்பாக்கள்

என் மனைவி அருணா இறந்தபோது டாக்டர் சிறுநீரகம் என்றார். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, வயது இருபத்தேழு. ஏன் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இந்த ஆடியில் அடிக்கடி காலையில் எங்கள் மகள் பாப்பாவின் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. அருணாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. பரிசோதனையில் ஒன்றுமில்லை. "இப்போதைக்குப் பயமில்ல. குடிக்கிற தண்ணிய மட்டும் பாத்துக்கங்க" என்றார் அதே டாக்டர்.

கெலமங்கலம் தாண்டி வயலுக்குள் எங்கள் வீடு. குடிக்கவும் தக்காளிக்கும் ஒரே போர்வெல். வேலிக்கு மேல்பக்கம் கங்கப்பனின் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜா ஷெட்டுகள். மழை பெய்தால் அங்கிருந்து வடிவது எங்கள் போரைச் சுற்றித்தான் தேங்கும். கேன் தண்ணீரும் பக்கத்து ஊரில் இன்னொரு ரோஜாத் தோட்டத்தை ஒட்டிய போரிலிருந்துதான் வருகிறது.

அருணாவின் அக்கா சுஜாதா சேலத்திலிருந்து பேசினார். "பாப்பாவ எங்கிட்ட விடுங்க தம்பி. நீங்க ஷிப்டுக்குப் போயிடறீங்க. இங்க காவேரித் தண்ணி."

சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தண்ணீர் நல்லது என்றால் அவளை என்னோடு வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர் லேபில் கொடுத்தேன். உப்பு கொஞ்சம் அதிகம், குடிக்கலாம் என்று வந்தது.

"பூச்சிமருந்து?"

"அது இதுல வராது சார். எந்த மருந்துன்னு பேர் சொல்லுங்க, அதத் தேடலாம். பொதுவா விஷம் இருக்கான்னு தேட முடியாது" என்றாள் அங்கிருந்த பெண்.

கங்கப்பனிடம் போனேன். ஷெட் வாசலில் டப்பாக்கள். எதிலும் லேபிள் இல்லை. எங்கள் பக்கம் ரோஜா போடுகிறவர்கள் வாங்கிய அன்றே லேபிளைக் கிழித்துவிடுவார்கள். அடுத்த தோட்டக்காரன் பார்த்து அதையே அடித்துவிடக் கூடாதாம். மார்க்கரால் எண் மட்டும் எழுதியிருந்தது.

"என்னா நவீனு, மருந்து பேரு கேக்குற? உங்கப்பன் தக்காளிய புடுங்கிட்டு ரோஸ் போடப்போறாரா?"

"பாப்பாவுக்குண்ணா. தண்ணியில என்ன இருக்குன்னு பாக்கணும்."

அவர் சிரிப்பு நின்றது. "சாமி சத்தியமா எனக்கே தெரியாதுடா. அத்திப்பள்ளி கடைக்காரன் கலக்கிக் குடுக்கறான். ஒண்ணுல பூச்சி அடங்கலன்னா ரெண்டு, அதுலயும் அடங்கலன்னா மூணு. பேரு கேட்டா வேற கடைக்குப் போங்கறான்." டப்பாக்களைக் காலால் ஓரமாகத் தள்ளியபடி, "நாங்களும் இந்தத் தண்ணிதான குடிக்கறோம்? எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார்.

டப்பாக்களை இன்னொரு முறை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

"காய்ச்சிக் குடுக்கலாம்டா" என்றார் அப்பா. நான் வேதியியல் படித்தவன். காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை சுஜாதா வந்தார். "ரிப்போர்ட் என்ன சொல்லுது?"

"குடிக்கலாம்னு."

"அப்பறம்?"

பாப்பாவின் துணிப்பையை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அப்பா தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டில் பாப்பா ஜன்னலோர சீட்டுக்காகச் சண்டை பிடித்தாள். கிடைத்ததும் என்னை மறந்துவிட்டாள். "டெய்லி காலைல கண்ணு வீங்குதான்னு பாத்துச் சொல்லுங்கக்கா" என்றேன்.

பஸ் போன பிறகுதான் என்ன கேட்டிருக்கிறேன் என்று புரிந்தது. வீங்கினால் நோய் அவள் உடம்பில் இருக்கிறது. வீங்காவிட்டால் எங்கள் தண்ணீரில் இருக்கிறது, அவளை இங்கே கூட்டிவர முடியாது. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

தினமும் போட்டோ வருகிறது. நேற்றும் வந்தது. தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள். அப்பா போனை வாங்கி முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"கண்ணு நல்லாத்தானடா இருக்குது?"

"நல்லா இருக்குதுப்பா."

"போயி ஒரு மாசம் ஆவப்போவுது. ஒரு நாளு கூடவா வீங்கல?"

"இல்ல."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போனார்.