முதுகோடு முதுகாக

என் அப்பா படகு இன்ஜின் மெக்கானிக். அவர் வாயும் கிட்டத்தட்ட இன்ஜின்தான், கிளப்பிவிட்டால் நிற்காது. அதில் அதிகம் ஓடுவது கொள்ளுத்தாத்தா கதை. எங்கள் ஊர்ப் பெரிய ஏரியில் பயணிகள் படகு கவிழ்ந்த இரவில், தன் சின்னஞ்சிறு மகனை முதுகில் கட்டிக்கொண்டு விடியும்வரை நீந்திக் கரையேறியவர் அவர். அந்த மகன்தான் அப்பாவின் அப்பா. அதனால் எங்கள் வீட்டில் ஐந்து வயதாகும் ஒவ்வொரு பிள்ளையையும் அதே மாதிரி, முதுகோடு முதுகாகத் துண்டால் கட்டிக்கொண்டு, அதே ஏரியின் ஒரு மூலையை நீந்திக் கடப்பார்கள். பிள்ளையின் முகம் வானத்தைப் பார்த்திருக்கும். என்னையும் அப்பா அப்படித்தான் சுமந்தார்.

என் மகளை மட்டும் சுமக்கமாட்டேன் என்றுவிட்டார். அவள் நாங்கள் தத்தெடுத்த பிள்ளை. "தாத்தா, தாத்தா" என்று அவர் காலையே சுற்றிவருபவள்.

"வேற எது வேணா கேளு, செய்றேன். இது ரத்தத்தோட வர்றதும்மா. அவரு தன் ரத்தத்தைத்தானே சுமந்தாரு?"

அன்றிலிருந்து நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி மகனின் முறை வந்தபோதுகூட ஏரிக்குப் போவதாக இல்லை. என் மகள்தான் தாத்தா நீந்துவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள்.

என் கணவருக்குத் தீயணைப்புத் துறையில் மீட்பு வேலை. இப்படிக் கட்டுவதை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார். அப்பா பேரனோடு கரையேறியதும் அவரிடம் கேட்டார்.

"மாமா, எதுக்கு முதுகோட முதுகா கட்றீங்க?"

"எங்க பரம்பரைக் கட்டு மாப்பிள்ளை. உங்க ஆபீஸ்ல சொல்லித்தர மாட்டாங்க."

"அங்க இதப் பத்தியும் பேசுவாங்க மாமா, அதான் கேக்கறேன். அலை வந்தா நேரா மூக்குலதான் அடிக்கும். வேற வழியே இல்லன்னாத்தான் இப்படி. நாம யாருன்னே தெரியாத பிள்ளை பயத்துல கழுத்த நெரிச்சிடும். பெத்த பிள்ளைக்குக் கழுத்தக் கட்டிக்கோன்னா போதாதா?"

அப்பா சிரிக்கப் போனார். அதற்குள் நாற்காலியில் இருந்த அவருடைய அத்தை பேசினார். கொள்ளுத்தாத்தாவின் மகள் அவர்.

"மாப்பிள்ளை சொல்றது சரிதான்டா. எங்க அண்ணன், அதான் உங்கப்பன், எங்கப்பாவுக்குப் பொறந்தவன் இல்ல. தண்ணியில கத்திக்கிட்டு இருந்த யாரோ பெத்த பிள்ளை. கழுத்த நெரிச்சு அவரையும் சேத்து முக்கிட்டானாம். அதுக்கப்புறம்தான் திருப்பிக் கட்டினாரு. அப்ப அவருக்குக் கல்யாணமே ஆகல."

"ஏன் அத்தை இத்தன நாளா சொல்லல?"

"அண்ணன் காதுல விழக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. அவன் போனப்புறம் சொல்லலாம்னா, கதை சொல்றப்ப உன் மூஞ்சி பூரிக்குதே, மனசு வரல. கரையில முடிச்ச அவுத்தப்புறம்தான் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்தாங்களாம். உங்கப்பன் பேசின மொத வார்த்தையே பசிக்குதுன்னுதானாம்."

பெற்ற பிள்ளையை யாரும் விடமாட்டார்கள். இவர் சுமந்ததோ தன்னையே கொல்லப் பார்த்த பிள்ளை. பெயர் தெரியாது, இருட்டில் முகமும் தெரியாது. முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தால் ஏன் என்று கேட்க அந்தத் தண்ணீரில் ஆளில்லை. விடியும்வரை அவர் அவிழ்க்கவில்லை. நாங்கள் பெருமையடித்துக்கொண்ட கதை இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஏரியைப் பார்த்தேன். அதே ஏரிதான், ஆனால் எனக்கு அதில் கால் வைக்கவே பயமாக இருந்தது.

அப்பாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அப்ப நான் யாரு அத்தை?"

"அவரோட பேரன். வேற யாரு?"

அப்பா ஈரத் துண்டைப் பிழிந்தார். என் பக்கம் திரும்பவில்லை. என் மகளைத்தான் கூப்பிட்டார். அவள் ஓடிப்போய், சற்று முன் பார்த்த மாதிரியே திரும்பி முதுகைக் காட்டி நின்றாள்.

அப்பா குனிந்து அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இப்படி இல்லடி தங்கம். உனக்குத்தான் என்னைத் தெரியுமே. கழுத்தக் கட்டிக்கோ."