குருவி வாயில் பழம்

டம்ளரைத் தூக்கியபோதுதான் பார்த்தாள். மேஜையில் விரித்திருந்த அச்சுத்தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு டீ சிந்திக் காய்ந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு துணியால் ஒற்றியிருப்பாள். இன்றைக்கு அப்படியே நின்றுவிட்டாள். நடுவில் வெளிர் பழுப்பு, சுற்றிலும் கோடு இழுத்தாற்போல் கறுத்த விளிம்பு, ஒரு பக்கம் லேசாக நீண்டு காம்பு மாதிரி ஒரு வால். பக்கத்திலேயே, தாளில், குருவியின் அலகில் அவள் வரைந்திருந்த பழம். இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை மாதிரி இருந்தன.

அவள் வேலை சுவர்க் காகிதத்துக்கு டிசைன் போடுவது. சொந்த டிசைன் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய வீடுகளின் சுவரை உரிக்கும்போது ஏழெட்டு அடுக்குக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு, கொடி எப்படி ஓடியிருக்கும், எங்கே வளைந்து திரும்பத் தன்னோடேயே வந்து சேரும் என்று கண்டுபிடித்து, சுவர் முழுவதற்கும் வரைந்து கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதுதான். செத்துப்போனவர்கள் வைத்த கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற உத்தியோகம் என்று கணவர் கிண்டல் பண்ணுவார். அவர் மட்டும் என்னவாம்? அவள் வரைந்த காகிதத்தைச் சுவரில் ஒட்டுகிறவர்தான். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருப்பதால் ஆபீஸில் அவளுக்குப் பெயரே பென்சில்.

சொந்தமாக வரைந்தவையும் இல்லாமல் இல்லை. அலமாரிமேல் மூன்று கட்டு கிடக்கின்றன. ஒவ்வொரு தடவையும் மேனேஜர், "நல்லாத்தான் இருக்கு பென்சில். ஆனா ஜனங்க பழசைத்தானே கேக்கறாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்தத் தடவைதான் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இப்போது கையிலிருக்கும் பெரிய வீட்டு முன்னறை வேலை முடிந்து, 'பழைய துண்டில் இருந்தபடியே, ஒரு கோடும் மாறாமல்' என்ற சான்றுத்தாளில் அவள் கையெழுத்துப் போட்டதும், அடுத்த தொகுப்பில் அவளுடைய சொந்த டிசைன் ஆறு சேரும். கையெழுத்து இன்று பதினொரு மணிக்கு.

வீட்டுக்காரம்மாவிடம் திருப்பிக் கொடுப்பதற்காக, அந்த முன்னறைச் சுவரில் கிடைத்த பழைய துண்டைப் பையில் எடுத்து வைத்திருந்தாள். கிழிந்துவிடாமல் இருக்க, கைக்கு வந்த அன்றைக்கே அட்டையில் ஒட்டியது. பின்பக்கத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஈரப் பஞ்சால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்துத் திருப்பினாள். பின்பக்கம் கொடி தெரியவில்லை, இலை தெரியவில்லை, குருவியும் தெரியவில்லை. அச்சு மை மேலோடு நின்றுவிடும். பழம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. காகிதத்தில் ஊறி இறங்கிய கறை.

"அடிப் பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எந்தப் புண்ணியவான் எதைச் சிந்தித் தொலைத்தானோ, அதற்குக் காம்பு வைத்து, நிழல் கொடுத்து, வெளிச்சம் படுகிற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும் வைத்து, முன்னூற்று இருபது குருவிகளுக்கு ஊட்டிவிட்டிருக்கிறாள். துண்டில் இருந்தது ஒரே ஒரு குருவி. ஒத்துப் பார்க்க இன்னொன்று கிடையாது. ஆனால் எல்லோரும் மெச்சியது அந்தப் பழத்தைத்தான். "கொடி எந்த வீட்டுலதான் இல்ல? இதுக்கு உயிரே இந்தப் பழம்தான்" என்று மேனேஜர் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு அவள் முகம் தெரியாத அந்தச் செத்துப்போன ஓவியனை நினைத்துப் பூரித்துப்போனாள். கொஞ்சம் வயிறும் எரிந்தது. நமக்கு ஏன் இப்படியெல்லாம் தோன்ற மாட்டேன் என்கிறது என்று இரண்டு நாள் புலம்பியிருக்கிறாள்.

பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் உட்காரவில்லை. கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் ஆறு டிசைனும் போச்சு, கறைக்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்ற பெயர் வேறு மிச்சம். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அதுதான் சரி என்று முடிவு பண்ணினாள். அடுத்த நிறுத்தத்துக்குள் அந்த முடிவு கெட்டுவிட்டது. இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப்போய், வெயிலில் திரும்பி நடந்தாள்.

பெரிய வீட்டு முன்னறையில் கணவர் ஏணிமேல் நின்று கடைசிக் காகிதப் பட்டையைப் பிரஷ்ஷால் நீவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கொஞ்சம் இறங்குங்க."

"பசை காயுது. அங்கேருந்தே சொல்லு."

"அது பழம் இல்லைங்க. கறை."

பிரஷ் நின்றது. எது, என்ன என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குச் சுருக்கென்றது. மெதுவாக இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, தன் பையிலிருந்த ஆணி டப்பாவைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். அதே கொடி, அதே இலை, இன்னொரு குருவி. அலகில் ஒன்றுமில்லை.

"நிலைக்கண்ணாடி மாட்டியிருந்த இடத்தைச் சுரண்டும்போது வந்துச்சு. ஒட்ட ஆரம்பிச்ச அன்னைக்கு."

"மூணு நாளா இதை வச்சுக்கிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி இருந்தீங்களா?"

"ரோல் எல்லாம் அச்சாகி வந்தாச்சு. சொல்லி என்ன ஆகப்போகுது?" டப்பாவின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினார். "அதுவும் இல்ல. அந்தப் பழத்தை வரைஞ்ச அன்னைக்கு நீ சாப்பாட்டைக்கூட மறந்துட்டு உக்காந்திருந்த. உனக்கு அப்படி ஒரு முகம் இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அதைப் போயி என் வாயால கெடுக்கணுமா?"

அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. கோபத்தை மட்டும் வெளியே விட்டாள். "ரொம்ப நல்லா இருக்குங்க உங்க கரிசனம்!"

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். நம்ம ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் பேச்சுக் குரல். மேனேஜரும் வீட்டுக்காரம்மாவும் உள்ளே வந்தார்கள். வீட்டுக்காரம்மா நேராகச் சுவரிடம் போய்க் கண்கலங்கி நின்றாள்.

"எங்க அம்மா சொல்லுவாங்க. இந்தக் குருவி பழத்தை முழுங்காம யாருக்கோ எடுத்துட்டுப் போகுதுன்னு. அப்படியே இருக்கு பாருங்க. அந்தக் காலத்துக் கைன்னா கைதான்!"

கணவர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. பொய்க்குக் கையெழுத்துப் போடப்போகிறோமே என்றுதான் காலையிலிருந்து தவிக்கிறோம் என்று நினைத்திருந்தாள். அது இல்லை. முகமே தெரியாத எவனோ ஒருத்தன் பெயரில் தன் பழத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமே, அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றிருக்கிறது.

"போட்டுடு பென்சில். மத்தியானமே சட்டம் போட்டு வாசல்ல மாட்டிடலாம்" என்று மேனேஜர் தாளை மேஜைமேல் வைத்தார். அவள் கை பழக்கத்தில் கொண்டைக்குப் போயிற்று. "அட, பென்சில்லயா போடுவ? இந்தா, பேனா."

கையெழுத்துப் போட்டாள். பேனாவை எடுக்காமல் அதற்குக் கீழேயே, சின்ன எழுத்தில், நிதானமாக எழுதினாள்: பழம் மட்டும் நான் வரைந்தது. பிறகு கணவர் கையிலிருந்த துண்டை வாங்கித் தாளின்மேல் வைத்து, மேனேஜர் பக்கம் நகர்த்தினாள்.

"என்ன எழுதியிருக்க?" மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். அதில் இல்லை. பேன்ட் பையைத் தடவினார். கணவர் வந்து அவள் பக்கத்தில் நின்றார். வீட்டுக்காரம்மா இன்னும் சுவரைவிட்டு நகரவில்லை. கடைசிப் பட்டையில் பசை காயவில்லை. அந்தம்மா அதிலிருந்த ஒரு பழத்தைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டிருந்தாள். விரலை எடுத்தபோது, அந்த ஒரு பழம் மட்டும் ஈரத்தில் மினுங்கியது.