நோபேட் வெட்டிய கோடுகள்

காலையிலிருந்தே நோபேட் மனேஜரின் அறைப் பக்கம் போகவில்லை. கொட்டாஞ்சேனை வாடகைக் கார் கம்பனியில் அவன்தான் தலைமை மெக்கானிக். வெள்ளவத்தை ரயில் கடவைக் கேற்றை மழையில் இடித்து உடைத்த காரில் பிரேக் சரியாகவே இருந்தது என்று கடிதம் எழுதி மேசையில் வைத்து, அதில் கையொப்பம் கேட்கிறார் மனேஜர் கனகசபாபதி. வைத்தால் பழி முழுக்க டிரைவர் மக்கீன் தலையில் விழும். லைசென்ஸும் போகும், வேலையும் போகும்.

பிரேக் சரியாம்! சில்லுக்குள், அந்தச் சக்கரத்தோடே சுழலும் ட்ரம்மை அமுக்கிப் பிடிப்பது பிரேக் ஷூ. அதன் பட்டை நனைந்தால் எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும். அதற்காகத்தான் நோபேட் போன மாரியிலேயே பட்டையில் சாய்வாகக் கோடுகள் வெட்டி, தண்ணீர் ஓட வழி வைத்து ஒரு செட் செய்தான்.

"சீமையில செய்ததில கை வைக்க நீர் ஆர் காணும்?" என்று மனேஜர் அதைப் பறித்துக்கொண்டு போனார். குப்பையில் எறிந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

மக்கீன் தொப்பியைக் கசக்கியபடி கராஜ் வாசலில் நின்றான். "நான் மிதிச்சது தானே, நோபேட் அண்ணன். புடிக்கல்லயே."

அந்த நேரம் கொட்டும் மழையில் மனேஜரின் கார் சரிவில் இறங்கி வந்தது. கம்பனிக் கார்தான், மக்கீன் ஓட்டிய அதே மொடல். ஒரு சாண் கூட வழுக்காமல் வாசலில் நின்றது. நோபேட்டுக்குப் பொறி தட்டியது. மனேஜர் உள்ளே போனதும் ஜாக்கி வைத்துச் சில்லைக் கழற்றினான், ட்ரம்மை இழுத்தான்.

உள்ளே அவனுடைய கோடுகள். அவன் கையால் இரும்புவாள் பிடித்து வெட்டியவை.

கரி பிடித்த ஷூவைக் கழற்றிக் கொண்டுபோய் மனேஜரின் மேசையில், அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தான்.

"குப்பையில எறிஞ்சனான் எண்டீங்கள். உங்கட காருக்குள்ள கிடக்கு, ஐயா."

"அது... வெளியில குடுத்துச் சும்மா பூட்டிப் பாத்தனான், நோபேட்."

"எத்தினை மாசமா? உங்கட உசிர் மட்டும் உசிர், மக்கீன்ட உசிர் என்ன மசிரோ? பிரேக் பிழை எண்டு எழுதுங்கோ, நான் ஒப்பம் வைக்கிறன். இல்லாட்டி இது பொலிசுக்குப் போகும்."

மனேஜர் எழுதினார். நோபேட் ஒப்பம் வைத்துத் தாளை மடித்து மக்கீனிடம் கொடுத்தான்.

"இனி ஷூவைப் பூட்டும்," என்றார் மனேஜர்.

"பூட்டுறன், மக்கீன்ட காரில. உங்களுக்குக் கோடு வெட்டாத ஷூ போட்டுத் தாறன். மழை விடமுன்னம் ஓட்டிக்கொண்டு போங்கோ."

அன்று மனேஜர் ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போனார்.