பஸ்ஸுக்கு முன்னால் ஒரு சைக்கிள்

விளக்கில்லாமல் இருட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பஸ் ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன், அவ்வளவுதான். எருமை குறுக்கே வந்தால்கூடக் கண் மின்னும். இவர்களுக்குச் சட்டையும் கறுப்பு, சைக்கிளும் கறுப்பு, ரோடும் கறுப்பு. திடீரென்று பம்பருக்கு முன்னால் முளைப்பார்கள். நாம் ஈரக்குலை நடுங்கப் பிரேக்கை மிதித்தால், திரும்பி நம்மையே முறைப்பார்கள். எத்தனை பேரை ஜன்னல் வழியே தலையை நீட்டித் திட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. திட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் டெப்போவில் ஆள் இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான் தலையை நீட்டினேன்.

மழைக்காலம். சாயங்காலமே நன்றாக இருட்டிவிட்டிருந்தது. போதாக்குறைக்குக் கரண்ட் வேறு போய், ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு தெருவிளக்குகூட எரியவில்லை. பஸ்ஸில் எள் போட இடமில்லை. வளைவில் திரும்பியதும் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தது. முன்னால் விளக்கு இல்லை, பின்னால் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லை. பிரேக்கை மிதித்தேன். ஹார்னை அமுக்கிய கையை எடுக்காமலே வெளியே எட்டிப் பார்த்து, "யோவ்! சாகறதுக்கு வேற பஸ்ஸே கெடைக்கலையா?" என்று கத்தினேன்.

சைக்கிள் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிதானமாகத் திரும்பிப் பார்த்தவள், என் மனைவி.

"ஏங்க, எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள்.

பஸ்ஸுக்குள் முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்டக்டர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, "அண்ணே, அண்ணி!" என்றான். ஏதோ எனக்குத் தெரியாத மாதிரி. அவனை நாங்கள் குயில் என்று கூப்பிடுவோம். தூக்கத்தில்கூட விசில் ஊதுவான் என்று அவன் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

என் மனைவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு டாக்டரின் கிளினிக்கில் தரை துடைக்கப் போனவள் அவள். துடைத்துக்கொண்டே நர்சுகள் செய்வதையெல்லாம் பார்த்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் தானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போனாள், பாஸும் பண்ணினாள். இன்றைக்கு அவள் ஊசி போட்டால் போட்டது தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதற்கென்ன? கிளினிக்குக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ஊசி போடுவது, கட்டு மாற்றுவது என்று சாயங்கால வேலை ஒன்றை டாக்டர் அவளிடம் கொடுத்தார். சைக்கிள் தெரிந்தால்தான் அந்த வேலை. சந்து சந்தாகப் போக வேண்டும்.

நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் டெப்போ மைதானத்தில் சைக்கிள் பழகினாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது நான். வாத்தியார் வேலை குயிலுக்கு. அவனுக்குத் தெரிந்த ஒரே பாஷையில்தான் அவன் சொல்லிக்கொடுத்தான். ஒரு விசில் ஊதினால் நிற்க வேண்டும், ரெண்டு விசில் ஊதினால் கிளம்ப வேண்டும். முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டாள். ஒரு நாள்கூடப் போதும் என்று சொன்னதில்லை.

இப்போது வந்த சிக்கல் அவளுடைய கடைசி வீட்டில். ரிட்டயர் ஆன ட்ராயிங் மாஸ்டர் ஒருவர், சர்க்கரை நோயாளி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், ஏழு மணிக்கு, இன்சுலின் போட்டாக வேண்டும். அவருடைய மருமகள் கறார். முந்தின நாள் மழையில் இவள் கொஞ்சம் தாமதமாகப் போக, அந்தம்மா வாசலிலேயே வைத்துச் சொல்லிவிட்டாள்: "இருட்டினப்புறம் ஒங்களால வர முடியலேன்னா சொல்லிடுங்கம்மா. நாளைக்கும் லேட்டுன்னா, ஆம்பள ஆளா அனுப்புங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்." டாக்டரும் ஆரம்பத்திலேயே, பொம்பளைக்கு இருட்டில் ஒத்துவருமா என்று இழுத்தவர்தான். ஒரு புகார் போதும், மொத்தச் சாயங்கால வேலையும் கை மாறிவிடும். இவள் மறுபடி கிளினிக் மூலையில் பஞ்சு உருட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முந்தின ராத்திரி இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. மடித்த துண்டையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"லைட் எங்கடி?" என்றேன்.

"சைக்கிளை ஸ்டாண்டுல விட்டிருந்தேன். எவனோ கழட்டிக்கிட்டுப் போயிட்டான். அவன் வீடு நல்லா வெளிச்சமா இருக்கட்டும்."

"ஏறு பஸ்ஸுல."

"சைக்கிள்?"

"பூட்டி இங்கயே போடு."

"அப்புறம் மாஸ்டர் வீட்டு நீளச் சந்துல ஒங்க பஸ்ஸா வரும்? எறங்கி நடந்தா ஏழு தாண்டிடும்."

சைக்கிளை உள்ளே ஏற்றலாமா என்று குயில் திரும்பிப் பார்த்தான். படிக்கட்டிலேயே நாலு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். செல்போன் டார்ச்சை ஒரு கையில் பிடித்து, மறு கையால் அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டுவதென்றால், மருந்துப்பை முதலில் விழும், பின்னாலேயே இவளும் விழுவாள்.

"இன்னிக்கி ஒரு நாள் லீவு சொல்லேன்" என்றேன், குரலை இறக்கி.

"அவரோட சர்க்கரை லீவு எடுக்குமா?" என்று கேட்டுவிட்டுப் பெடலை மிதித்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு ஒரு பயமும் வந்தது. எனக்குப் பின்னாலேயே லாரிகள் வரும். என்னை மாதிரி ஒருவன் வளைவில் திரும்புவான், ஆனால் என்னை மாதிரி பிரேக் போட மாட்டான். டைமுக்கு டெப்போ போய்ச் சேருகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ட்ரிப் தாமதம் என்று என்னை யாரும் நிற்க வைத்துக் கேட்டது கிடையாது. அந்தப் பெயர் பெரிதா, முன்னால் போகிற அந்த முதுகு பெரிதா என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ரெண்டாவது கியரைப் போட்டு, ஹெட்லைட்டை முழுசாக ஏற்றி, அவள் பின்னாலேயே ஊர்ந்தேன்.

முதலில் ஒரு தப்புப் பண்ணினேன். நேர் பின்னால் போனால் அவளுடைய நிழலே அவளுக்கு முன்னால் விழுந்து குழியை மறைத்துவிடுகிறது. பாவி மகள் தன் நிழலுக்குள்ளேயே விழப் பார்த்தாள். உடனே வண்டியை ஒரு பக்கமாக ஒதுக்கி, வெளிச்சம் அவள் தோளை உரசிக்கொண்டு போகிற மாதிரி வைத்தேன். இப்போது ரோடு முழுக்க அவளுக்குத் தெரிந்தது. எதிரில் வந்த காரெல்லாம் லைட்டை இறக்கச் சொல்லி மினுக்கின. போங்கடா என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. ஒரு பெரியவர் இறங்க வேண்டும் என்றார். குயில் பழக்க தோஷத்தில் ஒரு விசில் ஊதினான். நான் பஸ்ஸை நிறுத்தினேன். முன்னால் பார்த்தால், சைக்கிளும் நின்றுவிட்டது! ஒரு காலை ஊன்றி, நேராகப் பார்த்தபடி, ராணுவத்து ஆள் மாதிரி நிற்கிறாள்.

"அந்தம்மா ஏன் நிக்குது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

பெரியவர் இறங்கினார். குயில் ரெண்டு விசில் ஊதினான். சைக்கிள் கிளம்பியது, பஸ்ஸும் கிளம்பியது.

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. குயில் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணே, நான் பழக்கின பழக்கம்ண்ணே. அண்ணிக்கு விசில் கேட்டா கை தானா பிரேக்குக்குப் போகுது."

"அப்ப ஊதாதடா, மடையா!"

"ஊதாம எப்பிடிண்ணே கண்டக்டர் வேலை பாக்கறது?"

அடுத்த நிறுத்தத்திலும் அதே கதை. இவள் இப்படி ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றால் ஏழு மணி எங்கே, இவள் எங்கே? இதற்குள் டை கட்டிய ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னப்பா இது, பஸ்ஸா, ஊர்வலமா? ஹார்ன் அடிச்சு அந்தச் சைக்கிளை ஓரங்கட்டச் சொல்லு. எனக்கு வேலை இருக்கு."

"அவங்களுக்கும் வேலை இருக்கு சார்" என்றேன். நானா அவ்வளவு மரியாதையாகப் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம். "ஏழு மணிக்கு ஒரு வயசானவருக்கு ஊசி போடணும். லேட்டானா இவங்க வேலை போயிடும். சைக்கிள்ல லைட் இல்ல. நான்தான் லைட்டு. அவசரம்னா எறங்கி ஆட்டோ புடிச்சுக்கங்க."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் முன்வரிசையில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "யாருங்க அவங்க?" என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரி" என்றேன்.

அவ்வளவுதான், சேதி பின் சீட்டு வரைக்கும் போய்விட்டது. "டிரைவர் சம்சாரமாம். ஊசி போடப் போறாங்களாம்." அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டிய ஒருவர், "நிறுத்தாதீங்க, நான் தள்ளி எறங்கி நடந்து வந்துக்கறேன்" என்றார். இன்னும் ரெண்டு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். இறங்கியே ஆக வேண்டியவர்களுக்காகக் குயில் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பஸ்ஸின் தகரத்தைக் கையால் தட்டினான். நான் நிறுத்தி எடுத்தேன். சைக்கிள் நிற்காமல் போனது. நான் எட்டிப் பிடிக்கும் வரைக்கும்கூட அவள் ஹெட்லைட் வெளிச்சத்தை விட்டு வெளியே போகவில்லை.

நின்றுகொண்டிருந்த பெண்கள் பின்னால் இருப்பவர்களுக்கு நடப்பதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். "பெரிய குழி... வளைச்சுட்டாங்க!" "நாய் குறுக்க வருது... பெல் அடிக்கிறாங்க... போயிடுச்சு!" "மூச்சு வாங்குது போல, ஆனா விடலை." டை கட்டியவர் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்துக்கொண்டு, "ஓரத்துல சகதி, நடுவுல வரச் சொல்லுங்க" என்று எனக்கே யோசனை சொன்னார்.

நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அந்த முதுகை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அடுப்புக்கு முன்னால், துணி துவைக்கிற கல்லுக்கு முன்னால். இப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரு பஸ் நிறைய ஜனம் பின்னால் வருகிறது, அவள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாளா? மாட்டாள். என் பெண்டாட்டி ஐயா அவள்!

சந்து முனை வந்தது. அவள் திரும்பியதும் இருட்டு அவளை அப்படியே விழுங்கிவிட்டது. அந்தச் சந்தில் இரண்டு பக்கமும் திறந்த சாக்கடை. பஸ் உள்ளே போகாது. வெளிச்சமாவது போகுமல்லவா?

"குயிலு, எறங்கு!" என்றேன்.

எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை. குதித்து இறங்கி ரோட்டின் நடுவில் நின்று ரெண்டு பக்கமும் வண்டிகளை மறித்தான். டை கட்டியவரும் இறங்கி, கையிலிருந்த பையை ஆட்டி ஒரு லாரியை நிறுத்தினார். "ஒடிங்க, ஒடிங்க... இன்னும் ஒடிங்க... வரலாம், வரலாம்... போதும்!" என்று குயில் குரல் கொடுத்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஸ்டியரிங்கை ஒடித்து, அந்த நீளமான பஸ்ஸை ரோட்டுக்குக் குறுக்கே திருப்பினேன். அந்த இடத்தில் அப்படித் திருப்ப எங்கள் டெப்போவில் இன்னொருவனால் முடியாது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன். ஹெட்லைட் ரெண்டும் சந்துக்குள் நேராகப் பாய்ந்தன.

சந்து முழுக்கப் பகல் ஆனது. சாக்கடையை ஒட்டித் தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தவள், வெளிச்சம் விழுந்ததும் நடுவுக்கு வந்தாள். எழும்பி நின்று மிதித்தாள். ஹார்ன்கள் ஊரைக் கூட்டின. கடைசி வீட்டின் கேட் திறந்து ஒரு பெண் வெளியே வந்து, கண் கூசி, கையால் மறைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. என் மனைவி இறங்கி, ஸ்டாண்டைப் போட்டு, மருந்துப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பஸ்ஸுக்குள் கை தட்டினார்கள். குயில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான். நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்குத் தூசி இல்லை, அழுகைதான்.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாளாம். ஏழு அடிக்கவில்லை. "இந்தக் கும்மிருட்டுல லைட் இல்லாமயா வந்தீங்க?" என்று கேட்டாளாம். "லைட்டோடதான் வந்தேன்" என்றாளாம் இவள். "ரெண்டு லைட்டு. கொஞ்சம் பெருசு, அதான் சந்துல நுழையல." ட்ராயிங் மாஸ்டர் ஊசி போட்டு முடிகிற வரைக்கும் சிரித்தாராம். மறுநாளிலிருந்து டாக்டரிடம் யாரும் ஆம்பள ஆள் கேட்கவில்லை.

அங்கே நடந்ததெல்லாம் வீட்டுக்குப் போனபிறகு நான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதற்கு முன்னால் டெப்போ இருந்தது. டைம் கீப்பர் வாசலிலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா, நீயே லேட்டா? பஸ் என்ன படுத்துருச்சா?"

"பஸ்ஸுக்கு ஒண்ணுமில்ல சார். முன்னாடி ஒரு சைக்கிள் போச்சு."

"சைக்கிளா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷமா வண்டி ஓட்டுற. கேவலம் ஒரு சைக்கிளைத் தாண்ட முடியலையா ஒன்னால?"

வேறு நாளாயிருந்தால் அந்தக் கேவலத்துக்கே அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

"முடியல சார்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஓட்டினது என் சம்சாரம்."