முட்டைகள் குடித்த சூடு

கிளாவரை மலைக்கிராமத்தில் மின்சாரம் போன இரண்டாம் நாள் காலை, தேவகுமாரியின் அடுப்பில் தளதளவென்று கொதித்த தண்ணீர் சுடவில்லை. விரலை விட்டுப் பார்த்தாள். ஓடைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அடுப்புத் தீயில் கையைக் காட்டினாள், வெறும் காற்று பட்டது.

அவள் கணவன் முத்துராஜ் கேரட் தோட்டத்துக் கூலி. மீன் வந்த தெர்மாகோல் பெட்டிக்குள் இரண்டு குண்டு பல்பும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்து, குஞ்சு பொரிக்கும் பெட்டியை அவனே செய்திருந்தான். ஆயக்குடியிலிருந்து கொண்டுவந்த முப்பது நாட்டுக்கோழி முட்டைகளை தேவகுமாரி நாளுக்கு மூன்று தடவை புரட்டிவிட்டாள். முட்டை வைத்த பதினோராம் நாள் பெருங்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தது. சரிசெய்யப் பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்றார்கள். பல்பு அணைந்தும் பெட்டிக்குள் வெப்பம் முப்பத்தேழரை டிகிரியைவிட்டு இறங்கவில்லை. முத்துராஜ் அதை முருகன் செயல் என்றான். மின்சாரம் போன மூன்றாம் நாள் அவர்களுடைய நான்கு வயது மகள் தாரணியின் பாதங்கள் சில்லிட்டன. இரண்டு ஸ்வெட்டர், அதற்குமேல் கம்பளி. பிள்ளை நடுங்கவுமில்லை, அழவுமில்லை. நீலம் பாரித்த உதட்டோடு விளையாடிக்கொண்டிருந்தாள். தேவகுமாரி பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள், வீட்டில் அது மட்டும்தான் கதகதவென்று இருந்தது.

முத்துராஜ் மண்வெட்டியோடு வந்தான். "தள்ளு புள்ள, அம்புட்டையும் ஒடைச்சிருதேன்."

அவள் பெட்டியை மறித்து நின்றாள். "உள்ள கெடக்கது நம்ம புள்ளையோட சூடுங்க. ஒடைச்சா அது திரும்பி வருமா?"

அவன் கையிலிருந்து மண்வெட்டி தானாக இறங்கியது.

"இவளத் தூக்கிட்டு வெரசா பூண்டிக்கு, ஒங்க அக்கா வீட்டுக்குப் போயிருங்க. நான் இங்க கெடக்கேன். எடுக்கறத எங்கிட்ட எடுக்கட்டும்."

அவர்கள் போனபின் தேவகுமாரி பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் விரல்கள் விறைத்தன, பிறகு முழங்கால், பிறகு நாக்கு. முருகா என்று சொல்லவே நெடுநேரம் பிடித்தது. ஒரு முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். சிவந்த நூல்களுக்கு நடுவில் ஒரு புள்ளி துடித்தது. அது துடிக்கும்போதெல்லாம் அவள் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டது. டார்ச்சைக் கீழே போட்டாள். கதவு திறந்துதான் கிடந்தது, ஓடியிருக்கலாம். ஓடினால் பூண்டி வரைக்கும் எட்டி பிள்ளையிடமே எடுக்குமோ என்ற பயம் அவளைக் கட்டிப்போட்டது.

முட்டை வைத்த இருபத்தோராம் நாள் வெள்ளனே முதல் ஓடு விரிந்தது. உச்சிப்பொழுதுக்குள் இருபத்தாறு குஞ்சுகள் வெளியே வந்தன. அதே நேரம் பூண்டியில் தாரணி, "அத்தே, வேர்க்குது" என்று ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தாள்.

கம்பி கட்டி, பல்பு எரிந்து, அடுப்பும் பழையபடி சுட்டது. தேவகுமாரியின் சூடு மட்டும் திரும்பவில்லை. குஞ்சுகள் கோழியாகி, அவற்றின் குஞ்சுகளும் கோழியாகிவிட்டன. பனிக்காலத்தில் முட்டைக்கோசின் மேல் படிவதுபோல அவள் தலைமயிரிலும் உறைபனி படிந்து, வெயில் ஏறியபின் உருகும். போன மாதம் மருத்துவ முகாமுக்கு வந்த புது நர்ஸ், காய்ச்சல் பார்க்கும் கருவியை அவள் நெற்றிக்கு நேரே நீட்டினாள். பத்தொன்பது டிகிரி காட்டியது. தட்டிவிட்டு மறுபடி நீட்டினாள், அப்போதும் பத்தொன்பதுதான்.

"அந்த அக்காவுக்கு அம்புட்டுத்தாங்க, எழுதிக்கங்க" என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

நர்ஸ் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.